கோணமுனைக்காரர்கள் மிதவை வளர்த்த கதை

கோணமுனை என்று ஓர் ஊர் இருக்கிறது. வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட வந்தவருக்கு ஊர்க்காரர்களே எதிரில் போய் வழி சொன்னார்கள், அதனால் அவர் வந்து சேரவில்லை. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல்திட்டு, அதன் மேல் ஒரு மாதா கோயில், சுற்றிலும் கொஞ்சம் வீடுகள். கடல்காற்றில் மணல் பறந்து வந்து சோற்றில் விழுகிறது என்று கடல் பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்காமல் கட்டிய வீடுகள். கட்டி முடித்துக் குடியேறிய பிறகு, உள்ளே ஏன் இப்படிப் புழுங்குகிறது என்று ஊர் கூடி ஆச்சரியப்பட்டது.

மின்சாரம் உண்டு. வழியில் இருக்கிற ஊர்களெல்லாம் குடித்தது போக மிச்சம் சொட்டுச் சொட்டாக வந்து சேரும். கோணமுனையில் பல்பு எரிகிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்க வேண்டும். ஃபேனும் சுற்றும். அதன் இறக்கையில் சிலந்தி வலை கட்டிக் குஞ்சு பொரித்துக் குடும்பம் நடத்தும், அந்த வேகத்தில் சுற்றும்.

இந்த ஃபேனால்தான் பெர்க்மான்ஸின் குடும்பம் இரண்டாயிற்று.

பெர்க்மான்ஸ் அந்த ஊரின் கரைவலைச் சம்மாட்டி. கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையை இரண்டு பக்கமும் ஆள் நின்று கயிறு பிடித்துக் கரைக்கு இழுப்பார்களே, அந்த வலை அவருடையது. அவர் குரல் கொடுத்தால்தான் கயிறு நகரும். அவ்வளவு பெரிய குரல் வீட்டுக்குள் மட்டும் எடுபடாது. கோடை தொடங்கியதும் அவர் மனைவி ரெஜினா ஒரு நாள் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். பெட்டியை எடுத்தார்.

"நான் பெரியமுனைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்க ஃபேன் போட்டா காலண்டர் தாள் பறக்கு. இங்க என்னைக்கு என் தலைமுடி பறக்குதோ அன்னைக்கு ஆள் அனுப்புங்க, வாரேன்."

ரெஜினா போனதும் பெர்க்மான்ஸ் தானே குழம்பு வைத்தார். அதைத் தின்ன முடியவில்லை என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. இது குழம்பா, வலைக்குப் போடுகிற சாயமா என்று கேட்க வீட்டில் ஆளில்லையே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ரெஜினா என்றால் அவருக்கு உயிர். ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் வலை இழுக்கிற சத்தம் வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அகல்யா என்ற இளம் என்ஜினியர் லாரியில் ஒரு மஞ்சள் மிதவையைக் கொண்டுவந்து இறக்கினார். மீன்பிடி வள்ளம் ஒன்றின் பருமன் இருக்கும், உருண்டையாக. அதைக் கரைக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டு மிதக்கவிட்டார். அதிலிருந்து கை மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கேபிள் கரைக்கு வந்தது. கரையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு மீட்டர். கொட்டகையிலிருந்து, பக்கத்தில் இருந்த ஒரே வீடான பெர்க்மான்ஸ் வீட்டு ஃபேனுக்கு ஒரு வயர்.

"அலை இதைத் தூக்கும், இறக்கும். அந்த ஆட்டத்துலதான் கரண்ட் பிறக்குது" என்றார் அகல்யா. "ஆனா அலையோட பலத்துல பாதிகூட நமக்குக் கிடைக்கல. மீட்டர்ல ஊசி சிவப்புலயே நிக்குது பாருங்க. அது பச்சைக்கு வந்தா மிதவை உங்க ஊருக்குத்தான், ஊர் முழுக்க கரண்ட் தருவோம். வரலைன்னா பௌர்ணமி கழிச்சு இதைப் பெரியமுனைக்கு மாத்திடுவோம்."

பெர்க்மான்ஸுக்கு நெஞ்சில் இடி இறங்கியது. பெரியமுனைக்கு ஏற்கெனவே இருக்கிற கரண்ட் போதாதென்று மிதவையும் போய்விட்டால், ரெஜினா அங்கே ஃபேனடியிலேயே கிழவியாகிவிடுவார்.

"நாங்க பாத்துக்கிடுதோம் மேடம்" என்றார்.

"சந்தோஷம். சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அகல்யா லாரியில் ஏறினார். அது அவர் செய்த முதல் தவறு.

பெர்க்மான்ஸ் உடனே ஊரின் அறிவாளிகளைக் கூட்டினார். தொம்மை வந்தார். எதைக் கேட்டாலும் கண்ணை மூடி யோசிக்கிறவர், பாதி நேரம் அப்படியே தூங்கிவிடுவார். கஸ்பார் வந்தார். இவர் ஒருமுறை கப்பலில் வேலைக்குப் போய்த் துறைமுகத்திலேயே இருந்துவிட்டு வந்தவர், அதனால் உலகம் தெரிந்தவர். ஊரிலேயே பலசாலியான இஞ்ஞாசியும் வந்தார். அவருக்கு யோசனை வராது. ஆனால் மற்றவர்களுடைய யோசனையைத் தூக்க ஆள் வேண்டுமே.

நால்வரும் வள்ளத்தில் போய் மிதவைக்கு எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினார்கள். சாம்பிராணி காட்டினார்கள். திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். பிறகு கொஞ்சம் தள்ளி வள்ளத்தை நிறுத்திப் பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளை அலையில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

"வே, எனக்கு இது சரியாப் படலை" என்றார் தொம்மை. "முகமெல்லாம் மஞ்சளாக் கிடக்கு."

"வந்தப்பவே மஞ்சள்தான" என்றார் கஸ்பார்.

"அப்பம் பிறவிக் கோளாறு."

"கடல் மயக்கம்வே" என்றார் பெர்க்மான்ஸ். கடலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வள்ளத்தில் ஏறியதும் குடலைக் கக்குவதை எத்தனை பார்த்திருக்கிறார்! "மெட்ராஸ்ல செஞ்சது. கடல் பழக்கம் இருந்திருக்காது."

"மெட்ராஸ்லயும் கடல் இருக்குல்லா?"

"இருக்கு. அங்க உள்ளவுக கரையில உக்காந்து சுண்டல் தின்னுட்டுத் திரும்பிப் போயிருவாக. உள்ள இறங்குறதில்ல."

மயக்கத்தில் கிடக்கும் பிள்ளை எப்படி உழைக்கும், ஊசி எப்படிப் பச்சைக்கு வரும்? நால்வருக்கும் மனம் இளகிவிட்டது. எலுமிச்சம்பழத்தை நறுக்கி மிதவையின் உச்சியில் பரபரவென்று தேய்த்தார்கள். அப்புறம் நாலு பக்கமும் நாலு வள்ளத்தைக் கட்டி, ஒவ்வொரு வள்ளத்துக்கும் மூட்டை மூட்டையாக மணல் ஏற்றி, கயிற்றை முறுக்கிப் பிடித்து, மிதவையை அசையவிடாமல் நிறுத்தினார்கள். அலை வந்து மோதியது. மிதவை கல்லு மாதிரி நின்றது. இஞ்ஞாசி தாலாட்டுப் பாடினார். ஊசி சிவப்பிலிருந்து கீழே இறங்கிப் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

பெர்க்மான்ஸ் அகல்யாவுக்குப் போன் போட்டார். "மேடம், பிள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

"எந்தப் பிள்ளை?"

விஷயம் விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் போனுக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஐயா, அது ஆடணும். ஆடினாத்தான் கரண்ட். உடனே கட்டை அவிழ்த்து விடுங்க."

"மயக்கம்…"

"மயங்கட்டும்! நான் சொல்றதைக் கேளுங்க. அலை ஒரு தாளத்துல வருது, மிதவை வேற தாளத்துல ஆடுது. ரெண்டு தாளமும் ஒத்துப் போயிட்டா ஊசி தானா ஏறிடும். அலையும் ஒரே அளவா வர மாட்டேங்குது, அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. அதுக்கெல்லாம் நான் ஒரு கருவி கொண்டு வரேன். அதுவரைக்கும் நீங்க எதையும் தொடாதீங்க. புரியுதா?"

"புரிஞ்சிட்டு மேடம்" என்றார் பெர்க்மான்ஸ். உண்மையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் சிக்கல்.

மறுநாள் காலை மிதவையின் கட்டுகளை அவிழ்த்துவிட்ட கையோடு மாதா கோயில் பேண்டு செட்டு பெரிய வள்ளத்தில் ஏறியது. பெரிய மேளம், கிளாரினெட், ஜால்ரா. மிதவையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நிறுத்தி நால்வரும் விவாதத்தில் இறங்கினார்கள்.

"தொடக்கூடாதுன்னுருக்காகளே?" என்றார் இஞ்ஞாசி.

"மேளம் அடிக்கிறதுக்கு மிதவையை ஏம்லே தொடணும்?" என்றார் கஸ்பார். "கேள்வி அது இல்ல. தாளத்தை மிதவைக்குப் படிச்சுக் கொடுக்கவா, அலைக்குப் படிச்சுக் கொடுக்கவா?"

தொம்மை கண்ணை மூடினார். எல்லாரும் காத்திருந்தார்கள். குறட்டை வரும் முன்பே திறந்துவிட்டார். "மிதவை ஒண்ணுதான். அலை வந்துக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு அலைக்கும் படிச்சுக் கொடுத்து முடியாது. மிதவைக்கே சொல்லிக் கொடுப்போம்."

நல்ல யோசனை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பேண்டு செட்டுக்குத் தெரிந்தவை இரண்டே பாட்டுகள். ஒன்று கல்யாணத்துக்கு, ஒன்று சாவுக்கு. கல்யாணப் பாட்டை அடித்தபோது மிதவை கண்டுகொள்ளவில்லை. சாவுப் பாட்டை எடுத்ததும், மீன் பிடித்துக்கொண்டிருந்த வள்ளமெல்லாம் யார் போய்விட்டார்களோ என்று பதறிக் கரைக்குத் திரும்பின. கிளாரினெட்காரருக்கு வாந்தி வந்தது, அதையும் அவர் தாளம் தப்பாமலே எடுத்தார். அப்போது ஒரு பெரிய அலை வள்ளத்தைச் சாய்க்க, பெரிய மேளம் உருண்டு கடலில் விழுந்தது. விழுந்த மேளம் அலைக்கு ஏறி, அலைக்கு இறங்கி, ஒரு பிசகும் இல்லாமல் ஆடிக்கொண்டே போயிற்று.

"பாத்தியரா, படிச்சவன் படிச்சவன்தான்" என்றார் கஸ்பார். "பேசாம மிதவையைத் தூக்கிட்டு அந்த இடத்துல மேளத்தைக் கட்டிருவோம்."

அதற்குள் மேளம் பெரியமுனைப் பக்கம் போய்விட்டது. மேளம் போன வழியாகப் பெரியமுனையிலிருந்து சேதி ஒன்று திரும்பி வந்தது. மிதவை வரப்போகிறது என்று ரெஜினாவின் அண்ணன் கொட்டகைக்கு இடம் பார்த்துவிட்டாராம். தங்கைக்கென்று புதிதாக ஒரு ஃபேனும் வாங்கி மாட்டிவிட்டாராம், மூன்று இறக்கையும் தங்க நிறமாம்.

பெர்க்மான்ஸ் கரையில் போய் உட்கார்ந்துவிட்டார். பௌர்ணமி கழிந்துவிட்டது, நாளைக்கு அகல்யா வருகிறார். கடலைப் பார்த்தபடி அவர் அழுதார். பெரிய ஆள், சம்மாட்டி, மூக்கைத் துண்டில் சிந்திச் சிந்தி அழுதார். கை ஆறுதலுக்கு எதையாவது பிடிக்கத் தேடியது, மணலில் கிடந்த கேபிளைப் பிடித்துக்கொண்டது.

கையில் கயிறு மாதிரி ஒன்று வந்ததும் அவருக்கு அழுகை நின்றது. மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"வே! எல்லாரும் வாங்கவே!" என்று அவர் போட்ட சத்தத்தில் தொம்மை விழித்துக்கொண்டார். "கரண்ட் எது வழியா வருது?"

"இந்தக் கயிறு வழியா."

"மீனு எது வழியா வருது?"

"கயிறு கட்டுன வலை வழியா."

"மீனு தானா கரைக்கு நடந்து வந்த நாள் உண்டா? நாம இழுக்கோம், வருது. இத்தனை நாளா இந்தக் கயித்தைச் சும்மா போட்டு வச்சுக்கிட்டு, கரண்ட் வரலை கரண்ட் வரலைன்னு சொல்லுதோமே, அதுக்கு வெக்கமா இல்ல?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய படிப்புப் படித்த மேடத்துக்கு இது தோன்றவில்லையே என்று அவர்களுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"தொடக்கூடாதுன்னு…" என்று இஞ்ஞாசி ஆரம்பித்தார்.

"துண்டைக் கையில சுத்திக்கலே. தொட்டதாகாது."

ஊர் ஆண்களெல்லாம் வந்தார்கள். கரைவலைக்கு நிற்பது போலவே வரிசையாக நின்றார்கள். பெர்க்மான்ஸ் குரல் எடுத்தார். ஊரே பின்பாட்டுப் பாடி இழுத்தது. ஒரு இழுப்புக்கு மிதவை தலைகுப்புற முங்கியது. கயிற்றைத் தளர்த்தியதும் குபீரென்று துள்ளி எழும்பியது. முங்கல், துள்ளல், முங்கல், துள்ளல். கொட்டகைக்குள்ளிருந்து கஸ்பார் கத்தினார்: "ஊசி கிளம்பிட்டு! இழுங்க! மஞ்சளுக்கு வந்துட்டு! பச்சை! பச்சை!"

பெர்க்மான்ஸ் வீட்டு ஃபேன் ஒரு முனகல் முனகி, சிலந்திக் குடும்பத்தை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுச் சுழன்றது. பெரியமுனைக்கு ஆள் ஓடியது. பொழுது உச்சிக்கு வரும் முன்பே ரெஜினா பெட்டியோடு வந்து ஃபேனுக்குக் கீழே நின்றார். தலைமுடி பறந்தது. வாயெல்லாம் பல்.

"அவுக எங்க?" என்று கேட்டார்.

அவர் கயிற்றில் இருந்தார். மனைவி வந்த சேதி கேட்டதும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். சம்மாட்டி இல்லாமல் யார் குரல் கொடுப்பது? இழுப்பு நின்றது, ஃபேனும் நின்றது. பெர்க்மான்ஸ் வாசலில் நுழையும்போது ரெஜினா மறுபடியும் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். பெர்க்மான்ஸ் வந்த வேகத்திலேயே திரும்பிக் கயிற்றுக்கு ஓடினார். ஃபேன் சுற்றியது, ரெஜினா பெட்டியை வைத்தார். ஆசை தாங்காமல் பெர்க்மான்ஸ் மறுபடி வீட்டுக்கு ஓடினார். ரெஜினா மறுபடி பெட்டியை எடுத்தார். பாவம் அந்த மனிதர், மனைவி வீட்டில் இருக்க வேண்டுமானால் அவர் வீட்டில் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

தொம்மைதான் வழி சொன்னார். "ஃபேனைக் கழத்திக் கரைக்குக் கொண்டாங்க. உம்ம வீட்டுக்காரி ஃபேனடியில இருக்கட்டும், நீரு கயித்துல இரும். ரெண்டு பேரும் பாத்துக்கிடலாம்."

அப்படியே கரையில் மூங்கில் நட்டு ஃபேனைக் கட்டினார்கள். ரெஜினா ஒரு நாற்காலி போட்டு அதனடியில் உட்கார்ந்தார். "பிடியைப் பாருங்க, கயிறு வழுக்குது. சாப்பிட்டியளா இல்லையா? இப்படி எலும்பாப் போயிட்டீயளே" என்று ஏசினார். பெர்க்மான்ஸுக்குக் காது குளிர்ந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் அவர் குரல் உயர்ந்தது, ஊரின் கை வேகமாயிற்று, கயிற்றைத் தளர்த்தவே மறந்துவிட்டார்கள். மறுநாள் மதியத்துக்குள் நங்கூரத்தோடு சேர்த்து மிதவை கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்துவிட்டது.

அகல்யா வந்து இறங்கியபோது முதலில் கொட்டகைக்குள் போனார். ஊசி பச்சையின் அந்தக் கோடியில் ஒட்டிக்கொண்டு நின்றது, கொஞ்சமும் நடுங்கவில்லை. வாழ்நாளில் அப்படி ஓர் அளவை அவர் பார்த்ததில்லை. ஆனந்தத்தில் கண் கலங்கிப் போய்க் கடலைப் பார்த்தார். கடலில் மிதவை இல்லை.

மணலில் ஊர் ஆண்களெல்லாம் கையில் துண்டு சுற்றிக்கொண்டு மஞ்சள் மிதவையைச் சுற்றி நின்று, பெர்க்மான்ஸின் குரலுக்கு அதைத் தூக்குவதும் தொப்பென்று போடுவதுமாக இருந்தார்கள்.

"என்ன பண்றீங்க?" என்றார் அகல்யா.

"நீங்க சொன்னதைத்தான் மேடம்" என்றார் பெர்க்மான்ஸ், தூக்கிக்கொண்டே. "அலை ஒரே அளவா வரலைன்னு சொன்னீகள்லா. யோசிச்சுப் பாத்தோம். கோளாறு மிதவையில இல்ல மேடம், அலையிலதான். அதனால அலையை எடுத்துட்டோம்."

"ஒருத்தரும் தொடல மேடம்" என்று இஞ்ஞாசி துண்டைக் காட்டினார்.

அகல்யா மணலில் உட்கார்ந்தார். அவருக்கு எதிரே மூங்கிலில் ஒரு ஃபேன் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முகம் தூக்குகிறவர்களைப் பார்த்து இருந்தது. ரெஜினா நாற்காலியை விட்டுவிட்டுப் புடவையை இழுத்துச் செருகி, புருஷன் பக்கத்தில் நின்று மிதவைக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஃபேன் யாருக்கு?" என்றார் அகல்யா.

"எங்களுக்குத்தான் மேடம்."

"எதுக்கு?"

"தூக்குனா வேர்க்கும்லா."

"சரி. எதுக்குத் தூக்கறீங்க?"

"தூக்கலேன்னா ஃபேன் நின்னுரும்லா" என்றார் கஸ்பார். இவ்வளவு படித்தவருக்கு இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு இரக்கமாக இருந்தது.

"ஐயா, தயவு செஞ்சு ஒரு நிமிஷம் அதைக் கீழ வைங்க. வச்சுட்டுச் சும்மா நில்லுங்க" என்றார் அகல்யா.

பெர்க்மான்ஸ் குரலை நிறுத்தினார். மிதவை மணலில் இறங்கியது. ஃபேன் மெதுவாகி, மெதுவாகி, நின்றது. ரெஜினா சட்டென்று பெட்டி எங்கே என்று திரும்பிப் பார்த்தார், பெர்க்மான்ஸுக்கு உயிர் போய் வந்தது. அப்போது கடலிலிருந்து மதியக் காற்று அள்ளிக்கொண்டு அடித்தது. துண்டுகள் பறந்தன. ரெஜினாவின் கொண்டை அவிழ்ந்தது. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு, நின்றுபோன ஃபேனை அண்ணாந்து பார்த்தார்கள்.

"தெரியுதா?" என்றார் அகல்யா.

"தெரியுது மேடம்" என்றார் பெர்க்மான்ஸ். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஃபேன் நின்ன பெறகும் காத்து நிக்கல. அவ்வளவு சேத்து வச்சிருக்கோம்."

ரெஜினா காற்றில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு கவலையோடு கேட்டார்: "ஏங்க, இது எம்புட்டு நேரத்துக்கு வரும்?"

தொம்மை கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "இது தீர பொழுது சாயும். நாங்க சாப்பிட்டுட்டு வந்து மறுபடி தூக்கிருதோம். மேடம், நீங்களும் ஒரு கை பிடிச்சியள்னா நாளைக்கும் சேத்துப் பிடிச்சு வச்சிரலாம்."